பாளையிலிருந்து போத்தலுக்கு

கள்ளைப் போத்தலில் ஊற்றினால் மூடியை இறுக்கக் கூடாது. மலேசியாவில், சிலாங்கூரின் சுங்கை புரோங் வட்டாரத்தில் கள் இறக்கிய குடும்பங்களில் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொண்ட விதிகளில் இது ஒன்று. கண்ணாடிப் போத்தலை வாய்வரை நிரப்பி, அழுத்தி மூடி, வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டால் ஒன்று மூடி பறக்கும், இல்லையென்றால் போத்தலே சிதறும். மரத்திலிருந்து இறக்கிய பிறகும் கள் அடங்குவதில்லை. அதிலுள்ள ஈஸ்ட், மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் விட்டுக்கொண்டே இருக்கும். வாயு போக வழி வேண்டும்.

இந்த விதியை இன்றும் கண்டிப்போடு சொல்லும் பெரியவர் ஒருவர் தஞ்சோங் காராங்குக்கும் சுங்கை புரோங்குக்கும் இடையில் வசிக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1960-களின் பிற்பகுதியில், பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு, அப்பாவுக்கு உதவியாகத் தென்னந்தோப்புக்குள் போனவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் அவர் பெரியவர்தான்.

கிள்ளானிலிருந்து வடக்கே போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் என்று கடலோரமாகவே ஓடி, சுங்கை புரோங்கையும் செகிஞ்சானையும் கடந்து சபாக் பெர்ணத்தை நோக்கிப் போகிறது. இன்று அந்தச் சாலையில் போகிறவர் கண்ணில் படுவது நெல்வயலும் செம்பனையும். வயல்கள் 1930-களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டத்தால் வந்தவை. அதற்கு முன் அங்கே சதுப்புக்காடு. செம்பனை வந்த கதை இன்னும் பழையது. உள்ளே, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதை வணிகப் பயிராக நட்டார். மலாயாவில் அதுவே முதல். ஆனாலும் பெரியவர் சிறுவனாக இருந்த காலத்தில் இந்தக் கடலோரக் களிமண் பட்டை தென்னைக்குத்தான் பேர்போனது. தோட்டத்துத் தென்னை, கம்பத்துத் தென்னை, வாய்க்கால் வரப்பில் தானாக நின்ற தென்னை என்று எங்கு பார்த்தாலும் அதுதான். கள்ளுக்கு அது போதும்.

அவருடைய அப்பா திருநெல்வேலிச் சீமையில் பனை ஏறியவர். இங்கே வந்தபோது ஏறுவதற்குப் பனை இல்லை. தென்னையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டும் உயரமான மரம்தானே என்று வெளியாள் நினைக்கலாம். வேலை வேறு. பனை ஆண்டில் சில மாதங்களே சுரக்கும். மற்ற மாதங்களில் பனையேறி வேறு பிழைப்பைத் தேட வேண்டும். தென்னை ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு பாளை விடும். மலாயா மழையில் அதற்கு ஓய்வே கிடையாது, ஏறுகிறவருக்கும் இல்லை. பனையில் பாளையைக் கடிப்பு என்கிற மரக்கவ்வியால் நசுக்கிப் பதப்படுத்துவார்கள். தென்னையில் பாளையைத் தட்ட வேண்டும்.

தட்டுவதில்தான் தொழில் இருக்கிறது என்பது பெரியவரின் தீர்ப்பு. மரம் ஏறுவதைப் பார்த்துத்தான் ஊர் வியக்கும். ஏறுவது பத்து நாளில் வந்துவிடும் என்கிறார் அவர். தட்டக் கற்றுக்கொள்ளப் பல மாதம் போகும்.

முதலில் பாளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நன்றாக வளர்ந்து பருத்திருக்க வேண்டும், ஆனால் வெடித்திருக்கக் கூடாது. வெடித்துப் பூ வெளியே வந்துவிட்டால் அது தேங்காய்க்குப் போன பாளை. உள்ளே பூக்கள் நெருங்கி மூடிக்கிடக்கும் அந்தப் பருவத்தில், பாளையைக் கயிற்றாலோ நாராலோ அடியிலிருந்து நுனிவரை நெருக்கமாகச் சுற்றிக் கட்டுகிறார்கள். இனி அது வெடிக்க முடியாது. பிறகு காலையும் மாலையும் ஒரு சிறு கட்டையால் சுற்றிலும் மெல்லத் தட்ட வேண்டும். உள்ளிருக்கும் பூந்தண்டின் சதை நைந்துபோக வேண்டும். வெளித்தோல் கிழியக் கூடாது. பலமாகத் தட்டினால் பாளை உள்ளேயே அழுகும். பயந்து தட்டினால் சுரக்காது. தட்டத் தட்ட அதைச் சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி வளைத்து அடுத்த மட்டையோடு கட்டிவிடுவார்கள். நிமிர்ந்து நிற்கும் பாளையில், சாறு சேரும் மண்பானையான முட்டியைத் தொங்கவிட முடியாது என்பதால் இந்த வளைப்பு. ஒரே நாளில் வளைக்கப் பார்த்தால் முறிந்துவிடும்.

இப்படி ஒரு வாரம், இரண்டு வாரம். எத்தனை நாள் என்பது மரத்தைப் பொறுத்தது. சுரப்பு தொடங்கியதைத் தட்டும் ஓசையே சொல்லிவிடும் என்கிறார் பெரியவர்: உலர்ந்த ஓசை மாறி ஈரம் கோத்த ஓசை கேட்கும். நுனியைச் சீவிப் பார்த்தால் ஈக்கள் வந்து உட்காரும். அன்றைக்கு முட்டி கட்டலாம்.

அதன்பின் தினமும் இரண்டு வேளை ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் பாளைக்கத்தியால் நுனியை ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு மில்லிமீட்டர் சீவ வேண்டும். வெட்டுவாய் சில மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும்; புதிதாகச் சீவினால் மீண்டும் வழி திறக்கும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரும் இதே காரணத்துக்காகவே பட்டையை மெல்லிசாகச் சீவுகிறார். ஆழமாகப் போனால் இரண்டு மரமும் கெடும். தடித்துச் சீவுகிற கை, பாளையைச் சீக்கிரமே தீர்த்துவிடும். மெல்லிய கை அதே பாளையை ஒரு மாதத்துக்கு மேலும் ஓட்டும். அதற்குள் அடுத்த பாளையைக் கட்டித் தட்டித் தயார் செய்துவிட்டால் மரம் நிற்காமல் சுரக்கும். நல்ல மரம் நாளொன்றுக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் தரும். அதற்கு மேல் தருகிற மரமும் உண்டு. கட்டிய பாளையில் தேங்காய் கிடையாது. ஆகையால் கள்ளுக்கு இந்த மரங்கள், காய்க்கு அந்த மரங்கள் என்று தோட்டத்தில் பிரித்து ஒதுக்கிவிடுவார்கள்.

கத்தியைத் தீட்டுவது தனி வேலை. பெரியவரின் அப்பா தன் கத்தியை வேறு யாரும் தொட விடமாட்டாராம். அந்தக் கத்தியால் தேங்காய் மட்டையையோ வாழை இலையையோ வெட்டிவிட்டால் அன்று முழுக்க வீட்டில் சத்தம். மொண்ணைக் கத்தி சீவாது, கிழிக்கும். கிழிந்த இடத்தில் சாறு நிற்கும்.

மழைதான் இங்கே பெரிய எதிரி. முட்டிக்குள் மழைநீர் புகுந்தால் கள் நீர்த்துப்போகும். கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். முட்டியின் வாய்க்குப் பாளைமடலால் ஒரு கூரை போடுவது பழைய வழக்கம். பிறகு பிளாஸ்டிக் தாள் வந்தது. மண்முட்டி போய் பிளாஸ்டிக் கலன் வந்ததும் அப்போதுதான். வழுக்கும் மரம், காலையில் இன்னும் இருட்டு, இடுப்பில் கத்தி, தோளில் கலன். விழுந்தவர்கள் இருக்கிறார்கள். எழுந்தவர்களும் எழாதவர்களும் உண்டு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியவர் பேச்சை மாற்றினார்.

பாளையிலிருந்து சொட்டும்போது அது கள் அல்ல. தெளிந்த, தேனினிப்புள்ள சாறு. நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவுக்குச் சர்க்கரை, அதிலும் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரையே. புளிப்பு அறவே இருக்காது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டால் அது புளிக்காமல் பதநீராக இறங்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால், காற்றிலிருந்தும் ஈக்களிடமிருந்தும் முக்கியமாக முட்டியின் சுவரிலிருந்தும் ஈஸ்டும் பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்ளும். முதலில் லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியாக்கள் லேசாகப் புளிப்பேற்றும். பின்னாலேயே ஈஸ்ட் கிளம்பிச் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றத் தொடங்கும். ரொட்டிக்கும் பீருக்கும் பயன்படும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற அதே ஈஸ்ட்தான் இங்கும் பெரும்பாலும் முன்னிற்கிறது. கள்ளின் பால்வெள்ளை நிறம் சாற்றின் நிறம் அல்ல. கோடிக்கணக்கில் பெருகிய இந்த உயிரிகள் மிதப்பதால் வருவது. கடைசியில் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் சாராயச் சத்தையே காடியாக்கிவிடும்.

முட்டியை எப்படிக் கழுவுவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பதநீர் இறக்குகிறவர் முட்டியை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைப்பார். கள் இறக்குகிறவர் பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசுவதோடு நிறுத்திக்கொள்வார். நேற்றைய கள்ளின் ஈஸ்ட் அந்தச் சுவரில் தங்கியிருந்து இன்றைய சாற்றை எழுப்ப வேண்டும். புது முட்டியில் இறங்கும் கள் எழுவதற்கு நேரமாகும் என்பது பெரியவருக்கு அனுபவப் பாடம். ஆய்வுக்கூடத்தில் ஈஸ்டைக் குழாயில் போட்டு வளர்த்து வைத்திருப்பதை, இவர்கள் மண்ணின் துளைகளில் வைத்திருந்தார்கள்.

காலைக் கள் இனிப்பு. இரவின் குளிர்ச்சியில் இறங்கியது, இன்னும் முழுதாக எழாதது. குழந்தை பெற்றவளுக்குக் கூட ஒரு வாய் கொடுத்த வழக்கம் அந்தக் காலத்தில் இருந்ததாம். பகல் வெயிலைத் தாண்டிய கள்ளுக்கு வேகம் வந்துவிடும். மாலையில் நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு சாராயச் சத்து, கடையில் விற்கும் பீருக்குச் சமமாக. மறுநாள் இன்னும் கூடும்; புளிப்பும் கூடவே ஏறும். அதையும் தாண்டியது குடிக்க உதவாது. பெரியவர் வீட்டில் அது வீணானதில்லை. முற்றிலும் புளித்தது காடியாகி ஊறுகாய்ப் பானைக்குப் போகும். நுரைத்து நிற்கிற இளங்கள்ளில் ஒரு மங்கு எடுத்து அம்மா ஆப்ப மாவில் ஊற்றுவார். காலையில் மாவு சட்டியின் விளிம்பைத் தொட்டு நிற்கும். ஆப்பத்தின் ஓரத்து வலையும் நடுவின் பஞ்சும் கடையில் வாங்கும் ஈஸ்ட் பொட்டலத்தில் வருவதில்லை என்பதைச் சாப்பிட்டவர் எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

முதல் முட்டியில் ஒரு குவளை, தோட்டத்து எல்லையில் நின்ற முனியாண்டிக்கு. சுருட்டும் உடன் வைப்பார்கள்.

மிச்சமெல்லாம் கள்ளுக்கடைக்கு.

தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பற்றிப் பேசும்போது பெரியவரின் குரல் தணிகிறது. வேலை முடிந்த மாலையில், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போகும் வழியிலேயே கடை. அரசாங்கம் அனுமதி தரும், தோட்ட நிர்வாகம் நடத்தும். வாங்கிய சம்பளத்தில் ஒரு பகுதி அதே தோட்டத்துக்குத் திரும்பிப் போகும். லாபத்தில் கொஞ்சம் தொழிலாளர் நலனுக்கென்று கோயில் திருவிழாவுக்கும் பந்து விளையாட்டுக்கும் செலவாகும். குடிக்கிறவரின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. கள் தன்னளவில் லேசான பானம். ஆனால் நாள் முழுக்க உழைத்த பிறகு, பொழுதுபோக்க வேறு எதுவும் இல்லாத இடத்தில், வெறும் வயிற்றில், மங்கு மங்காக இறங்கும்போது அது குடும்பங்களைக் கெடுத்தது. இதை மறைத்துவிட்டுக் கள்ளின் பெருமையைப் பேசுவது நேர்மையாகாது.

தொழிலாளிகளே அதைச் சொன்னார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளிக்கு இணையான சம்பளம் வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்ற கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. முன்னின்று நடத்தியவர் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். அந்த மே மாதத்தில் அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளிகள் இறந்தார்கள். போருக்குப் பின், 1947-இல், கெடாவில் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தது. சாதி ஒழிப்பும் மதுவிலக்கும் அவர்களுக்கு ஒரே போராட்டமாக இருந்தன. அங்கும் காவல்துறையின் கை ஓங்கி உயிர்கள் போயின.

அந்த மறியல்காரர்கள் சொன்னது நியாயம். கூலியைக் குறைத்து, கடையைத் திறந்து வைத்த ஏற்பாடு அநியாயம். ஆனால் பின்னால் வந்த தலைமுறைகள் இதில் ஒரு காரியம் செய்துவிட்டன: கடையின் மீதிருந்த கோபத்தை மரமேறியவர் மீதும் போட்டன. அவரும் காலை வருகைப் பதிவான பெரட்டுக்கு நின்ற தொழிலாளிதான். இருட்டில் எழுந்து, உயிரைக் கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறி, அளந்து கொடுத்து, கூலி வாங்கியவர். ‘கள்ளுக்காரன் மகன்’ என்ற பட்டத்தைப் பெரியவர் பள்ளிக்கூடத்திலேயே வாங்கிவிட்டார். தன் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டம் வரக் கூடாது என்று, அவர்களைத் தோப்புப் பக்கமே அழைத்துப் போகவில்லை. கத்தி பிடிக்கும் வித்தை அவரோடு நின்றது.

கள்ளுக்கடை மூடிய இடங்களில் குடி நின்றுவிட்டதா என்றால், இல்லை. சம்சு என்ற சாராயம் வந்தது. சிறு போத்தல், மலிவு விலை, மளிகைக் கடையிலேயே கிடைத்தது, கள்ளைவிடப் பல மடங்கு காரம். அதன் கள்ளப் பதிப்புகளில் என்ன கலந்திருக்கிறது என்பது கலந்தவருக்கே வெளிச்சம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மது குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் நேப்பாளம், மியன்மார், வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நம் தாத்தாக்கள் இருந்த அதே நிலையில் இன்று இருப்பவர்கள். மெத்தனால் உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண்பார்வையைத் தாக்கும். தென்னைச் சாறு தானாகப் புளிப்பதில் இந்த ஆபத்து வருவதில்லை. தொழிற்சாலை மெத்தனாலை யாரோ கொண்டுவந்து ஊற்றுவதால் வருகிறது. இந்த வேறுபாடு ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

கள்ளிலும் கலப்படம் உண்டு. சீனித் தண்ணீரில் ரொட்டி ஈஸ்டைப் போட்டு நுரைக்கவைத்து, கொஞ்சம் நல்ல கள்ளை மணத்துக்குச் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பெரியவர் நாக்கில் வைத்ததும் சொல்லிவிடுவார்: நல்ல கள்ளில் இனிப்பும் புளிப்பும் பின்னால் ஒரு பாளை வாடையும் சேர்ந்தே வரும், கலந்ததில் இனிப்பு தனியாக நிற்கும்.

1970-களுக்குப் பிறகு தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறின. தென்னை சாய்ந்தது, லயங்கள் காலியாயின, பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போனார்கள். இதில் ஒரு செய்தியைப் பலர் அறிய மாட்டார்கள்: தென்னையை விரட்டிய இந்தச் செம்பனையே தன் பிறந்த மண்ணான மேற்கு ஆப்பிரிக்காவில் கள்ளு மரம். நைஜீரியாவிலும் கானாவிலும் அதிலிருந்து பனங்கள் இறக்குகிறார்கள். கல்யாணத்திலும் இழவிலும் அதற்கு இடம் உண்டு. இங்கே எண்ணெய்க்காக மட்டும் அதை நட்டோம்.

பெரியவரின் பேரன் மெல்பர்னில் வேலை பார்க்கிறார். அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி செல்லும்; சனி ஞாயிறில் அதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் ஏராளம், பேரனும் அவர்களில் ஒருவர். சாமான் விற்கத் தனிக் கடைகளே உண்டு. பிரிட்டன் 1963-இலேயே வீட்டுப் பீருக்கு உரிமம் வேண்டாம் என்று விட்டுவிட்டது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழி திறந்தது. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் சிறு மதுவாலைகளில் பல, வீட்டுச் சமையலறையில் கைபழகியவர்கள் தொடங்கியவை.

பேரனைப் பார்க்கப் போயிருந்தபோது பெரியவர் அந்த வேலையை முழுக்க உட்கார்ந்து பார்த்தார். முளைகட்டி வறுத்த பார்லியை நொறுக்கி, அறுபத்தைந்து டிகிரிச் சூட்டுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாற அந்தச் சூடு வேண்டும். வடித்த சாற்றை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, வேகமாகக் குளிரவைத்து, பொட்டலத்து ஈஸ்டைத் தூவி, காற்று உள்ளே வராத ஆனால் வாயு வெளியே போகிற அடைப்பு வைத்து மூடுகிறார்கள். இருபது டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் ஒரு வாரம், இரண்டு வாரம்.

“தாத்தா, இதுல கை வச்சிராதீங்க, கிருமி போயிரும்” என்று பேரன் சொன்னாராம். பாத்திரம், குழாய், போத்தல், கரண்டி என எல்லாவற்றையும் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்த சுத்தத்தைப் பார்த்துப் பெரியவர் மெச்சினார். ஆனால் அவருக்கு உடனே பிடிபட்டது வேறு. அந்த அடைப்புக் குழாயில் குமிழி விடும் சத்தமும், மூடியைத் திறந்ததும் எழுந்த வாடையும். அது முட்டியின் வாடை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றார்: “அதே சாதிதான் இது.” ஈஸ்டின் பெயர் அவருக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரிந்திருந்தது.

பீர் காய்ச்சுவது சமையல், கள் இறக்குவது மாட்டில் பால் கறப்பது என்று அவர் இரண்டையும் பிரித்துச் சொன்னார். இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. பீரில் சர்க்கரையை மனிதன் உண்டாக்க வேண்டும். தானியத்துக்குள் பூட்டிக் கிடப்பதைச் சூடு கொடுத்துத் திறக்க வேண்டும். தென்னையில் சர்க்கரை தயாராகவே வருகிறது. மரத்தைப் புண்படுத்தாமல் வாங்கத் தெரிந்தால் போதும். அந்த ‘போதும்’ என்பதற்குள்தான் தட்டலும் சீவலும் வருடக்கணக்கான பழக்கமும் இருக்கின்றன.

போத்தலில் அடைக்கும் நாளில்தான் பெரியவர் வாயைத் திறந்து குறுக்கிட்டார். புளித்து முடிந்த பீரில் மீண்டும் சர்க்கரை சேர்த்து, மூடி போட்டு, எந்திரத்தால் அழுத்தி அடைத்தார் பேரன். வெடிக்கும் என்றார் தாத்தா. வெடிக்காது என்பதற்குப் பேரன் சொன்ன கணக்கு இது. மிதவைக் கோலை விட்டுப் பார்க்கும்போது தொடக்கத்தில் 1.045 என்று நின்ற அடர்த்தி 1.010-க்கு இறங்கி, அடுத்தடுத்த நாட்களில் அசையாமல் நின்றால் ஈஸ்ட் தின்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று பொருள்; சாராயச் சத்து நூற்றுக்கு நாலரை பங்கை ஒட்டி இருக்கும். அதன்பின் லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை மட்டும் சேர்த்தால் நுரைக்கத் தேவையான வாயு மட்டுமே உண்டாகும். அந்த அழுத்தத்தைத் தடித்த பீர்ப் போத்தல் தாங்கும். கோல் நிற்பதற்கு முன் அவசரப்பட்டு அடைத்தால் தாத்தா சொன்னதே நடக்கும்.

கள்ளில் அந்தக் கோல் நிற்கவே நிற்காது. நிற்கும்போது அது காடி. ஆகையால்தான் மூடியை இறுக்காதே என்று அப்பா சொன்னார். அறுபது ஆண்டுகளாகச் சட்டமாகத் தெரிந்த ஒன்றுக்குக் காரணம் கிடைத்ததில் பெரியவருக்கு இருந்த மகிழ்ச்சியைப் பேரன் இன்றும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார்.

கள்ளைப் போத்தலில் நிறுத்திவைக்கவே முடியாதா என்றால், முடியும். பீரை மிதமாகச் சூடாக்கி உயிரிகளைக் கொன்றுவிட்டால் கெடாது என்ற வழியைத் திறந்தவர் லூயி பாஸ்டர். பீரைப் பற்றிய அவருடைய நூல் 1876-இல் வந்தது. இலங்கையில் 1978-இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. வடக்கில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினர்கள் இறக்கிய கள்ளைச் சேர்த்து, அதே முறையில் போத்தலில் அடைத்து விற்கின்றன. கடல் கடந்தும் அனுப்புகின்றன. மரமேறுகிறவரே சங்கத்தின் உறுப்பினர் என்பது அங்கே உள்ள சிறப்பு. கேரளம் கள்ளுக்கடைகளுக்கு உரிமம் தருகிறது. கள் தொழிலாளருக்கான நலநிதிச் சட்டம் அங்கே 1969-லேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை.

மலேசியாவில் 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். மெல்பர்னில் பேரன் செய்வதைக் கிள்ளான் வீட்டுச் சமையலறையில் செய்ய முடியாது, கள்ளுக்கும் இதேதான். மது வாங்கும் வயதும் 2017 டிசம்பரிலிருந்து இருபத்தொன்று. இந்தச் சட்டங்களைத் தெரிந்துகொண்டுதான் இந்தத் தொழிலைப் பற்றி யாரும் பேச வேண்டும்.

சட்டத்துக்குள் நின்றே மரத்தைக் காப்பாற்றும் வழி ஒன்று நம் சாலையோரத்திலேயே இருக்கிறது. கோல சிலாங்கூருக்கு வடக்கே மலாய்க்காரர்கள் தென்னை நீராவைக் குளிர்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். அதே பாளை, அதே சீவல், அதே சாறு. இறக்கியவுடன் குளிரில் போட்டு ஈஸ்டைத் தூங்கவைத்துவிடுவதால் அது கள்ளாவதில்லை. காய்ச்சினால் வெல்லம். இப்போதைய குட்டைத் தென்னை ரகங்களில் தரையில் நின்றபடியே பல ஆண்டுகள் சீவலாம். உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் நம் பிள்ளைகளும் இறங்கலாம். தட்டவும் சீவவும் தெரிந்தவர்கள் சுங்கை புரோங்கிலும் ஜெராமிலும் சபாக் பெர்ணத்திலும் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் எல்லாருமே வயதானவர்கள்.

உங்கள் குடும்பத்தில் மரமேறிய தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால் விடுமுறையில் போய்ப் பாருங்கள். பாளையை எப்படிக் கட்டினார், எதைக் கொண்டு தட்டினார், கத்தியை எந்தக் கல்லில் தீட்டினார் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கத்தி இன்னும் வீட்டில் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கள்ளுக்காரர் வீடு என்று சொல்லக் கூச்சப்படவும் வேண்டாம்.